கடைமடைக்கு முதல் முறை

சாந்தன்பாறை
2 பிப்ரவரி 2025

அன்புள்ள கோமதி,

ஒரு கடையை மூடினால் அதிலிருந்த சரக்கு எங்கே போகும்? வேறு கடைக்காரர் எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் எடைக்குப் போகும், எப்படியும் எங்கேயாவது இருக்கும். ஆனால் சரக்கே வைக்காத கடையை மூடினால், அது விற்றுக்கொண்டிருந்த பொருள் எங்கே போகும்? மூன்று நாட்களாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று நான் எழுதுவது உனக்கு வேடிக்கையாக இருக்கும். சிரித்துக்கொள்.

விஷயம் இதுதான். நாம் ‘ஏழு மதகு’ என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த வீடியோ ஆட்டத்தின் மூன்றாம் பாகத்தை விற்கும் கம்பெனி, தன் பழைய இணையக் கடையை இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதியோடு மூடுகிறது. பிறகு யாரும் வாங்க முடியாது. முன்பே வாங்கியவர்களும் இறக்கிக்கொள்ள முடியாது. அதற்குள் எந்த கேம் மெஷினில் இறங்கியிருக்கிறதோ அதில் மட்டும் இருக்கும். அந்தப் பாகம் டிஸ்காக வரவே இல்லை என்பதால் பழைய சாமான் கடைகளில் தேடுவதற்கும் ஒன்றும் இல்லை. இந்த மாதிரி அறிவிப்புகளை நான் படிப்பதில்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். படிக்கிறேன்.

ஐந்து மாதமாக நாம் பேசவில்லை. ‘இனி ஏதாச்சும் சொல்லோணும்னா எழுது, போன்ல உன் குரலே வேண்டாம்’ என்று நீ சொன்னாய். அதனால் எழுதுகிறேன். உன் மகன் கௌசிக் ஜெர்மனிக்குப் போன மறுவாரம், பழைய மெஷினைத் துடைத்து வைத்திருக்கிறேன், முதல் பாகத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கேட்டாய். நமக்கு ஐம்பது ஆகப் போகிறது, அது வெறும் விளையாட்டுச் சாமான் என்றேன். அன்றைக்கு அது சரியான வாக்கியம் என்றுதான் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

உன் தம்பி துபாயிலிருந்து இரண்டு மெஷின் கொண்டுவந்து ஒன்றை எனக்குக் கொடுத்தது 2004-ல். மெஷின் இரண்டு, டிஸ்க் ஒன்று, ஆடிய இடத்தை நினைவில் வைக்கும் மெமரி கார்டு ஒன்று. பதினைந்து நாள் உனக்கு, பதினைந்து நாள் எனக்கு. எங்கே நிறுத்தினோம் என்று கடிதம் எழுதி, டிஸ்கையும் கார்டையும் அதோடு வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புவோம். பதினொரு வருடத்தில் இரண்டு பாகம், ஆறு மதகு. ஏழாவது மதகு மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. அதைத் திறந்தால் மூழ்கிய ஊர் மேலே வரும் என்று நீ சொன்னாய். மிச்சமிருக்கும் ஊரும் மூழ்கும் என்று நான் சொன்னேன். இருபத்தெட்டாம் தேதிக்குப் பிறகு, யார் சொன்னது சரி என்று தெரிந்துகொள்ளவே வழி இருக்காது.

2016-ல் நீ கோயம்புத்தூரில் வாங்கிய அந்த டப்பா இன்னும் இருக்கிறதா? தகவலுக்காகத்தான் கேட்கிறேன்.

ஸ்ரீலேகா


கொழிஞ்சாம்பாறை
8 பிப்ரவரி 2025

லேகா,

தகவலுக்காகவாம். ஐந்து மாதம் கழித்து எழுதுகிறாய், அதுவும் தாலுக்கா ஆபீசிலிருந்து வந்த தாக்கீது மாதிரி. கடிதத்தைத் தோப்பில் நின்றபடி படித்தேன். படித்து முடித்ததும் தேங்காய் போடுகிற ஆள் மரத்து மேலிருந்து, ‘அக்கா, ஏதாச்சும் கெட்ட சேதிங்களா?’ என்று கேட்டான். நல்ல சேதி வந்தால் என் முகம் அப்படித்தான் போகும் போலிருக்கிறது.

டப்பா இருக்கிறது. பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில். வாங்கின அன்றைக்கு நடந்ததை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து டப்பாவைக் குலுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. பிரித்தால் உள்ளே ஒரு சீட்டு, சுரண்டுகிற சீட்டு. உக்கடத்தில் இறங்கித் திரும்பக் கடைக்குப் போனேன். ‘தம்பி, டிஸ்க் போட மறந்துட்டீங்க’ என்றேன். ‘இல்லீங்க்கா, இதுதானுங்க கேமு. சொரண்டுனா நம்பர் வரும், நம்பரைப் போட்டா கேமு வரும்’ என்றான். ‘லாட்டரிச் சீட்டாட்ட இருக்குதே’ என்றேன். ‘லாட்டரி உளுகாதுங்க, இது கட்டாயம் உளுகுமுங்க’ என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை.

அந்தச் சாயங்காலம்தான் உனக்கு போன் செய்தேன். ஒரு சீட்டு ஒரே ஒரு தடவைதான், ஒரே மெஷினில்தான் என்றதும், ‘கைமாற்றித் தர முடியாத பொருளை நான் தொடமாட்டேன்’ என்றாய். எனக்கும் அதுதான் தோன்றியது. தண்ணீரை ஒரே வயலில் கட்டி வைத்துவிட்டு எதற்கு முறை வைப்பது? அதனால் சுரண்டவே இல்லை. ஒன்பது வருடமாக அந்த வெள்ளிப் பூச்சு அப்படியே இருக்கிறது.

ஆனால் உன் மேல் கோபம் சீட்டுக்காக இல்லை. ‘வெறும் விளையாட்டுச் சாமான்’ என்றாய் பார், அதற்காக. மகனை விமானம் ஏற்றிவிட்டு வந்து ஒரு வாரம் வீட்டில் தட்டு முட்டு சத்தம்கூட இல்லாமல் இருந்தேன். எட்டாவது நாள் ஒரு யோசனை வந்தது. அதை உனக்குத்தான் முதலில் சொன்னேன். அதற்கு நீ வயதைச் சொன்னாய்.

இப்போது பிரச்சினை வேறு. சீட்டு இருக்கிறது, மெஷின் இல்லை. மூன்றாம் பாகம் ஓடுவது அடுத்து வந்த மாடலில்தான். இந்த மூன்று நாளில் கோயம்புத்தூரில் நான்கு கடையில் கேட்டாயிற்று. என் வீட்டுக்காரரிடம், ‘ஏனுங்க, திருப்பூர்ல உங்க சிநேகிதரு பழைய மெஷினெல்லாம் வாங்கி விக்கறாரல்லங்க, கேளுங்க’ என்றேன். ‘பையன் ஜெர்மனில இருக்கறான். நீ ஆருக்குப் புள்ள தேடற?’ என்றார். ‘எனக்குத்தானுங்க’ என்றேன். சந்துரு சிரிக்கவில்லை. போன் செய்தார். அங்கேயும் இல்லை.

இருபது நாள் இருக்கிறது லேகா. நீதானே சர்க்கார் கணக்குக்காரி, ஏதாவது செய்.

கோமதி


சாந்தன்பாறை
12 பிப்ரவரி 2025

அன்புள்ள கோமதி,

மெஷின் என்னிடம் இருக்கிறது.

இந்த வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. 2016 ஜனவரியில் எறணாகுளத்தில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போயிருந்தேன். மூன்றாம் பாகம் வருகிறது என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். டிஸ்க் வந்ததும் முறை தொடங்க வேண்டுமே என்று அந்த மாடலை வாங்கிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல், முதல் கடிதத்தோடு ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன். இரண்டு நாள் கழித்து நீ போன் செய்து, டப்பாவுக்குள் சீட்டு என்றாய். தொடமாட்டேன் என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, மெஷின் வாங்கி வைத்திருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதனால் அலமாரியின் மேல் தட்டில், பழைய ஏலக்காய் சர்வே கோப்புகளுக்குப் பின்னால் வைத்தேன். ஒன்பது வருடம் பிரிக்கவில்லை. இரண்டு தடவை வீடு மாறியபோது நானே தூக்கிக்கொண்டு போனேன்.

உன் கடிதம் வந்த அன்று மாலை பிரித்தேன். வேலை செய்கிறது. பச்சை விளக்கு எரிந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். ஏன் என்று கேட்காதே.

இனி உன் ‘ஏதாவது செய்’க்கு வருகிறேன். இங்கே ஏலத்தோட்டத்து மரங்களுக்கு நடுவில் என் வீட்டுக்கு இணையம் வருவதும் யானை வருவதும் ஒரே மாதிரி. எப்போது என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் காலை, மதியம், மாலை வேகத்தை அளந்து சராசரி எடுத்தேன். மழை இல்லாத நாட்கள் என்பதால் கணக்கு நம்பகமானது. மூன்றாம் பாகம் முழுவதும் இறங்கப் பத்தொன்பது நாள் ஆகும். நமக்கு இருப்பது பதினாறு.

மெஷினைப் பஸ்ஸில் போட்டுவிடு, எங்கள் வீட்டில் ஃபைபர் இணையம் இருக்கிறது என்று எழுதப் போகிறாய். மாட்டேன். டிஸ்க் தொலைந்திருந்தால் இன்னொன்று வாங்கியிருக்கலாம். இது தொலைந்தால் நான்கு கடையிலும் திருப்பூரிலும் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். எனவே சீட்டை எனக்கு அனுப்பு. பதிவுத் தபாலில். சுரண்டாமல். நல்ல ஃபைபர் இருக்கும் இடத்துக்கு மெஷினை நான் எடுத்துப் போகிறேன்.

கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒன்பது வருடத்துப் பழைய சீட்டை அந்தக் கடை ஏற்குமா என்பதே சந்தேகம். முயற்சி செய்யலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஸ்ரீலேகா


கொழிஞ்சாம்பாறை
15 பிப்ரவரி 2025

லேகா,

ஒன்பது வருடம். அமுக்குணி. உன் கடிதத்தைச் சந்துருவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ‘ரெண்டு பேருக்கும் படிப்பு இருக்குது, சர்க்கார் உத்தியோகம் இருக்குது, தோப்பு இருக்குது. ஒருத்தி ஊட்ல பூட்டு, இன்னொருத்தி ஊட்ல சாவி. ஒம்பது வருசமா ரெண்டு பேரும் ரெண்டையும் தொடைச்சு வெச்சுட்டு இருந்திருக்கறீங்க’ என்றார். காபி வைத்துக் கொடுத்தேன்.

சீட்டு இதோடு இருக்கிறது. ஒரு அட்டையை இரண்டாக மடித்து நடுவில் வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது கத்தரியைக் கிட்டே கொண்டு போகாதே. தபால் ஆபீசில் உறை வாங்கும்போதே ‘உள்ளே என்னங்க?’ என்றார்கள். ‘ஒரு ஊரு’ என்றேன்.

முறை விஷயத்தை இப்போதே பேசிவிட வேண்டும், பிறகு சண்டை வரும். எங்கள் கால்வாய்ச் சட்டம் உனக்குத் தெரியும். தண்ணீர் திறந்தால் கடைமடைக்குத்தான் முதல் முறை. தலைமடைக்காரன் வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே இருப்பவன், அவன் காத்திருக்கலாம். இத்தனை வருடம் டிஸ்கை வாங்கியது நான், வந்து இறங்கியது என் வீட்டில், அதனால் நான் தலைமடை. உனக்குத்தான் முதல் முறை கொடுத்தேன், இரண்டு பாகத்துக்கும். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அனுப்பினேன். இந்தத் தடவை ஆட்டம் இறங்குவது உன் பக்கம். நீ தலைமடை, நான் கடைமடை. முதல் பதினைந்து நாள் எனக்கு. மெஷினோடு அனுப்ப வேண்டும். முறை தப்பித் தண்ணீர் எடுத்தவனுக்கு அடுத்த இரண்டு முறை கிடையாது என்பதும் உனக்குத் தெரியும்.

சம்மதமா? சம்மதம் இல்லையென்றால் சீட்டைத் திருப்பி அனுப்பு. சும்மா சொன்னேன், அனுப்பிவிடாதே.

போனில் பேசமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். மதகு திறந்த பிறகு பார்க்கலாம்.

கோமதி


சாந்தன்பாறை
21 பிப்ரவரி 2025

அன்புள்ள கோமதி,

சீட்டு வந்தது. சேதமில்லை. கத்தரி வைக்கவில்லை, உறையை நீராவியில் காட்டிப் பிரித்தேன். முறைக்குச் சம்மதம். நியாயமாகத்தான் இருக்கிறது.

இடம் கிடைத்துவிட்டது. செபமாலையம்மாள் என்று ஒருவர் தினமும் போடியிலிருந்து வருகிறார், இங்கே ஏலக்காய் எடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. காலையில் ஜீப் நிறைய ஆட்களோடு போடிமெட்டு ஏறி வருவார்கள், மாலை நான்கு மணிக்கு இறங்கிவிடுவார்கள். மகசூல் கணக்கெடுக்கப் போகும்போது அவரோடு பழக்கம். போடியில் நல்ல ஃபைபர் யார் வீட்டில் இருக்கும் என்று கேட்டேன்.

‘எங்க வீட்லதான் ஆபீசரம்மா. எங்க வீட்டுக்காரரு வேதமுத்து முன்ன சினிமா சிடி, கேம் சிடி எல்லாம் வாடகைக்கு விட்டாரு. இப்ப ஒயர வாடகைக்கு விடுறாரு’ என்றார். ‘என்னா வேலைக்கு?’

ஒரு பெரிய ஃபைல் இறக்க வேண்டும் என்றேன்.

‘ஆபீஸ் வேலையா?’

இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, எனக்கு வரன் பார்த்திருக்கிறது என்று யாரோ சொன்னதுபோல இருந்தது. ‘ஒங்க சொந்த வேலைக்கு நீங்க ஒரு நா லீவு போட்டு இன்னைக்கித்தான் பாக்குறேன். கட்டாயம் வாங்க’ என்றார்.

ஜீப் ஓட்டுபவர் பெரியமுத்து. பெட்டியைக் காட்டினேன். ‘மடியில வச்சுக்கங்கம்மா. கீழ வச்சீகன்னா நம்ம ஜீப்பு ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் அத ஒரு தடவ பிரிச்சுப் பிரிச்சு மாட்டிரும்’ என்றார்.

இருபத்தேழாம் தேதி வரை, ஞாயிறு உட்பட, எனக்கு சர்வே. தவிர்க்க முடியாது. இருபத்தெட்டு வெள்ளிக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசி நாளா என்று நீ கத்துவது இங்கே கேட்கிறது. கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். கடை மூடுவது அவர்கள் ஊர் நள்ளிரவுக்கு, அதாவது நமக்கு இரவு எட்டரை. வேதமுத்து வீட்டு வேகத்தில் ஆட்டம் இறங்க மூன்று மணி நேரம். ஆட்களை விட்டுவிட்டு வெறுமனே இறங்கும் ஜீப்பில் காலை பத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஏழு மணி நேரம் மிச்சம் இருக்கிறது.

என் கணக்கில் எனக்கு நம்பிக்கை உண்டு.

ஸ்ரீலேகா


கொழிஞ்சாம்பாறை
24 பிப்ரவரி 2025

லேகா,

உன் கணக்கில் மண் விழுந்தது. பேப்பரைப் பார்த்தாயா? இருபத்தெட்டாம் தேதி இடுக்கி ஜில்லாவில் ஹர்த்தால், முழு அடைப்பு, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. உன் ஜீப் ஏறாது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று நாள் ஆகும். அதனால் சந்துருவைவிட்டு இன்றைக்கே உனக்கு போன் செய்யச் சொல்கிறேன். நான் பக்கத்தில் நின்று என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் காட்டுவேன், பேசமாட்டேன். அவர் குழறினால் அது என் கையெழுத்தால்.

முன்னாடியே போ. இருபத்தேழு சாயங்காலம் நான்கு மணி ஜீப்பில் இறங்கிவிடு. சர்வே எங்கேயும் ஓடிப்போகாது. நாளைக்கு எண்ணினாலும் ஏலச்செடி அதே எண்ணிக்கைதான்.

இரண்டு நாளாகச் சாதத்தில் உப்பு போடுவதே மறந்துபோகிறது. சந்துரு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். ஊர் மேலே வரும் லேகா. வரத்தான் போகிறது.

கோமதி


போடிநாயக்கனூர், வேதமுத்து வீடு
28 பிப்ரவரி 2025, இரவு எட்டே முக்கால்

அன்புள்ள கோமதி,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சந்துரு போன் செய்தபோதே முடிவு செய்துவிட்டேன், இருபத்தேழாம் தேதி மாலை ஜீப்பில் இறங்குவது என்று. ஆனால் ஹர்த்தாலுக்கு முந்தின நாளே வழியில் ஏதாவது ஆகும் என்று பயந்து, ஜீப்புகளெல்லாம் இரண்டு மணிக்கே இறங்கிவிட்டன. நான் அப்போது ஒரு சரிவில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். மேலே வந்து பார்த்தால் செபமாலையம்மாள் ஒரு சீட்டு எழுதி டீக்கடையில் கொடுத்திருந்தார்: ‘மெட்டு வர வந்துருங்க. தமிழ்நாட்டுப் பக்கம் பெரியமுத்து நிப்பாரு.’

சாந்தன்பாறையிலிருந்து போடிமெட்டு வரைக்கும் எப்படி வருவது? ஹர்த்தாலில் பால் வண்டியை விடுவார்கள், ஆஸ்பத்திரி வண்டியை விடுவார்கள், கல்யாண வண்டியை விடுவார்கள். இன்று போடியில் ஒரு கல்யாணம், பெண் எங்களுக்கு அடுத்த எஸ்டேட். பெண் வீட்டு வேனை ஓட்டுவது ஜிபின், என்னைத் தெரியும். காலை ஏழு மணிக்கு வேன் கதவருகே நின்று, ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டேன். பெண்ணின் அத்தை என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, ‘இதோட போனா எறக்கிவிட்ருவாய்ங்க’ என்று சொல்லி, பரிசுப் பொருள் சுற்றியதில் மிஞ்சிய ரோஜா நிறக் காகிதத்தை எடுத்து இரண்டு நிமிடத்தில் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுத்துவிட்டார்.

பூப்பாறையில் ஹர்த்தால்காரர்கள் நிறுத்தினார்கள். ‘எங்கோட்டா?’ ‘கல்யாணத்தினா’ என்றார் ஜிபின். ஒருவர் ஜன்னல் வழியே என் பெட்டியைக் காட்டி, ‘சேச்சி, பெட்டியிலெந்தா?’ என்றார். இருபத்து மூன்று வருட உத்தியோகத்தில் நான் ஒரு தப்பான எண்ணைக்கூட எழுதியதில்லை. கல்யாணப் பரிசு என்று, ‘கிஃப்டா’ என்றேன். குரல் கொஞ்சமும் மாறவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

மெட்டில் பெரியமுத்து நின்றார். ஆனால் பெண்ணின் அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ‘கல்யாணத்துக்குன்னு சொல்லி வந்துட்டு, கல்யாணத்துக்கு வராமப் போனா பொண்ணுக்கு ஆகுமா?’ நான் மறுபடி வேனிலேயே உட்கார்ந்தேன். பெரியமுத்து வேனுக்குப் பின்னாலேயே ஜீப்பை ஓட்டி வந்தார். முகூர்த்தம் தள்ளிப்போய், பந்தி தள்ளிப்போய், மூன்றாவது பந்தியில் சாப்பிட்டேன். பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். மேடையில் கொடுத்துவிடுங்கள் என்று இரண்டு பேர் வாங்க வந்தார்கள். ஒருவரிடமிருந்து திரும்பப் பிடுங்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்னை இனி மறக்கமாட்டார்கள்.

வேதமுத்து வீட்டை அடையும்போது மணி மூன்று ஐம்பது. என் ஏழு மணி நேர மிச்சத்தில் பெரும்பகுதி பந்தியில் போயிற்று. முதலில் மெஷினே தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றது. ஒரு மணி நேரம். பிறகு சீட்டைச் சுரண்டினேன். வேதமுத்து, ‘மெதுவா, மெதுவா’ என்று கூடவே குனிந்தார். அவரிடம் ஒரு காலத்தில் நானூறு டிஸ்க் இருந்ததாம். கீறல் விழுந்ததைப் பற்பசை போட்டுத் தேய்த்து மறுபடி வாடகைக்கு விடுவாராம். ‘இதுல கீறலே உளாதும்மா. ஆனா நாளைக்கி இல்லைங்கிறாய்ங்க. அதுக்கு என்னத்தப் போட்டுத் தேய்க்க?’ என்றார்.

ஐந்து பத்துக்கு எண்ணை அடித்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏற்காது என்று நான் நினைத்தேன், நான் எப்போதும் நினைப்பது போல. ஏற்றுக்கொண்டது. மீதி நேரம் இரண்டு மணி ஐம்பது நிமிடம் என்று காட்டியது. எட்டு மணி. அரை மணி நேரம் கையில்.

ஏழேகாலுக்குக் கரண்ட் போனது.

வேதமுத்து இருட்டில் எழுந்து ஓடினார். தெருவுக்கு இணைப்புக் கொடுக்கும் பெட்டியில் இருக்கும் பேட்டரியைக் கழற்றி வந்து மெஷினுக்கும் டிவிக்கும் கொடுக்கப் பார்த்தார். செபமாலையம்மாள், ‘அதக் கழட்டுனா ஒயரே செத்துரும், அறிவு இருக்கா?’ என்று கத்தி, அடுத்த வீட்டு இன்வர்ட்டரிலிருந்து ஜன்னல் வழியே ஒரு வயரை இழுத்தார். இருபத்து நான்கு நிமிடம் போயிற்று. மெஷின் மறுபடி எரிந்தபோது, விட்ட இடத்திலிருந்து இறங்குமா முதலிலிருந்தா என்று யாருக்கும் தெரியவில்லை. விட்ட இடத்திலிருந்தே இறங்கியது. நம் மெமரி கார்டு போல.

எட்டு இருபத்தாறுக்கு முடிந்தது. எட்டரைக்குக் கடையைத் திறந்து பார்த்தேன். வெள்ளைத் திரை, ஒரு வரி, அவ்வளவுதான். என் கேள்விக்கு இன்னும் விடை இல்லை. ஆனால் ஒன்று மட்டும் இந்தப் பெட்டிக்குள் வந்துவிட்டது.

உன் வீட்டுக்கு போன் செய்தேன். சந்துரு எடுத்தார். ‘வந்துடுத்து’ என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி, ‘ஏ புள்ள, வந்துடுத்தாமா’ என்றார். பிறகு ஏதோ பாத்திரம் விழுந்து உருளும் சத்தம். நீ பேசவில்லை. விரதத்தை மதிக்கிறேன்.

நாளைக்கான ஏற்பாடு: காலை முதல் ஜீப்பில் சாந்தன்பாறை போவேன். பஞ்சு வைத்து, நல்ல அட்டைப் பெட்டியில் கட்டி, உடுமலை பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுப்பேன். பஸ்ஸை நம்பமாட்டேன் என்று எழுதியவள்தான். கல்யாண வேனை நம்பியவள் பஸ்ஸை நம்பலாம். சந்துரு உடுமலையில் வாங்கிக்கொள்ளட்டும். கடைமடைக்கு முதல் முறை. நான் ஆடமாட்டேன், திறந்துகூடப் பார்க்கமாட்டேன்.

ஸ்ரீலேகா


1 மார்ச், மாலை, பஸ்ஸில்

மேலே இருப்பது நேற்று இரவின் தீர்மானம். இன்று உண்மையில் நடந்தது இது.

எட்டு மணிக்கு வீடு வந்தேன். ஜீப்பில் குலுங்கி வந்த மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் அனுப்புவது பொறுப்பற்ற காரியம் என்று தோன்றியது. போட்டேன். எரிந்தது. ஆட்டம் திறக்கிறதா என்று பார்க்காமல் அனுப்புவதும் அப்படித்தான். திறந்தேன். பெயர் கேட்டது. ஒரே ஒரு பெயர்தான் கொடுக்கலாம், பிறகு மாற்ற முடியாது. உன் பெயரை அடித்தேன். அடித்த பிறகு அணைத்திருக்க வேண்டும்.

மணி பன்னிரண்டு நாற்பது வரை ஆடினேன். காபி குடிக்கவில்லை. வழக்கப்படி நிறுத்திய இடத்தை எழுத வேண்டும்: தெற்குக் கரை, உடைந்த படிக்கட்டின் உச்சி. அங்கிருந்து பார்த்தால் ஏழாவது மதகு தெரிகிறது. நாம் நினைத்ததைவிடப் பெரியது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்கிறது, தண்ணீரா ஆட்களா என்று என்னால் சொல்ல முடியவில்லை. தொடவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

முறை தப்பியது நிஜம். ஆட்டத்தில் இருக்கும் பெயரின்படி தப்பியது நீ. ஆனாலும் தண்டனை எனக்குத்தான், இரண்டு முறை, முப்பது நாள். முறை இழந்தவர் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது என்று உங்கள் கால்வாய்ச் சட்டத்தில் இருப்பதாக நினைவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளைக்கு விடுப்பு எழுதிவிட்டேன்.

கண்டக்டர் கையில் கொடுக்கவில்லை. மூணாறில் ஏறி நானே ஜன்னலோரம் உட்கார்ந்தேன், பெட்டி மடியில், அதே ரோஜா நிறக் காகிதத்தை மறுபடி சுற்றி ரிப்பனும் கட்டியிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் தபாலில் போடப் போவதில்லை, உன் கையில்தான் தருவேன். மறையூர் தாண்டிய பிறகு சின்னார் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி ஒருவர் ஏறினார். என் பெட்டியைத் தட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன், கேம் மெஷின் என்று.

‘குட்டிகள்க்காணோ?’ என்றார், பிள்ளைகளுக்கா என்று.

‘அல்ல, எனிக்குத் தன்னெ’ என்றேன்.

அவர் என் முகத்தையும் ரிப்பனையும் ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். பஸ் கிளம்பியது. உடுமலைக்கு ஆறரைக்கு வரும் என்கிறார் கண்டக்டர்.